பதினோராம் நிமிடம்

நாற்பத்திரண்டு கேள்விகள்.
ஒன்று முதல் நான்கு வரை புள்ளி,
அரைப்புள்ளி கிடையாது.
வெள்ளி மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

'மாதிரியெடுத்தல்: ஓர் அறிமுகம்.'
இணையவழி, இரண்டு கிரெடிட்.
எழுத்துரு அழகு, நிறங்கள் சாந்தம்.
கற்றற்பேறுகள் ஐந்தும்
அளக்கக்கூடிய வினைச்சொற்களில் முடிகின்றன:
வரையறுப்பர், கணிப்பர், ஒப்பிடுவர்.
தயங்காமல் நான்கு போட்டேன்.
நானும் இப்படித்தான் எழுதிப் பழகியவள்.

உவர்மலையில் என் அறைக்கு
ஃபைபர் வருகிறது.
ஜன்னலுக்குக் கீழே
கோதுமைக் கப்பலொன்று மூன்று நாளாய்
முறை காத்து நிற்கிறது.
ஐம்பத்திரண்டு நிமிட விரிவுரை
ஒருமுறைகூடச் சுழலாமல் ஓடி முடிந்தது.
காணொளித் தரம்: நான்கு.

பிறகுதான் பதிவேட்டைத் திறந்தேன்.
பார்க்கத் தொடங்கியவர் எண்பத்தாறு பேர்.
கோடு படிக்கட்டாய் இறங்குகிறது,
பதினோராம் நிமிடத்தில் படி இல்லை,
கிணறு.
அதற்கப்பால் ஒன்பது பேர்.
அதிகமும் இரவு ஒன்றரைக்கும் நாலுக்குமிடையே.
படிப்பார்வம் என்று நினைத்தேன்,
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.
இரவு டேட்டா மலிவு என்று
காரியாலய உதவியாளர் ஜெகசோதி சொல்லும் வரை.

புதன்கிழமை
வைஃபையை அணைத்து,
கடையில் ஆகக் குறைந்த கார்டை வாங்கிப் போட்டு,
மூதூர் பஸ் ஏறினேன்.
கிண்ணியாப் பாலத்தின் நடுவில்
விரிவுரையாளர் கையை உயர்த்தியபடி உறைந்தார்.
கீழே வள்ளங்கள் தம்பாட்டில் போயின.
தரத்தை ஆகக் கீழே இறக்கினேன். ஓடியது.
பதினோராம் நிமிடத்தில்
சத்தம் நின்றது.

முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன்,
காதில் செருகியதைக் கழற்றித் துடைத்தேன்.
உதடுகள் மட்டும்.
அவற்றுக்குப் பின்னால் பலகையில்
வடகடல் கொட் மீன்களின் சராசரி நீளம்.
இந்தப் பஸ்ஸில் யாரும் தின்றிராத மீன்.
என் காலடியில் யாருடையதோ ஒரு பெட்டி சூடை,
ஐஸ் உருகிச் செருப்பை நனைத்தது.

மூதூர் இறங்குதுறை டீக்கடையில் வினாவிடை.
பத்துக் கேள்வி, இருபது நிமிடம்.
ஐந்தாம் கேள்வியில் சிக்னல் போயிற்று,
கடிகாரம் போகவில்லை.
எனக்குப் பத்துக்கு நாலு.
பத்தொன்பது வருடமாய்ப்
புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன்.

கலந்துரையாடல் பகுதியின் அடியில்
போன வருட ஆவணியில் ஒரே ஒரு கேள்வி.
சில்மியா, மூதூர்:
"மிஸ், பதினொரு நிமிசத்துக்குப் பிறகு
சத்தம் வருகுதில்ல.
எனக்கு மட்டுந்தானா?"
பதில் இல்லை.
மூன்று பேர் பெருவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

எனக்கு மட்டுந்தானா.
ஒன்றிலிருந்து
எண்பத்தாறைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?
விரிவுரை நாற்பதாம் நிமிடத்தில்
வந்து சேரும் இடம் அது.
நாற்பதைக் கேட்காமலே அவள்
அங்கே போய் நின்றிருக்கிறாள்,
தனியாக, ஒரு வருடமாக.

மதிப்பீட்டாளர் மாணவருடன்
தொடர்பு கொள்ளலாகாது:
வழிகாட்டி, ஆறாம் பக்கம்.
அந்தப் பக்கத்துக்கு நான் போட்டது நான்கு.

எழுதினேன்:
"உங்களுக்கு மட்டுமல்ல."
அழுத்தினேன்.
சக்கரம் சுழன்றது, சுழன்றது.
டவுனுக்குப் போகும் பஸ் ஹோர்ன் அடித்தது.
கிளாஸ் கழுவியபடி கடைக்காரர் சொன்னார்:
"உள்ளுக்கு எடுக்காது மிஸ்.
அந்தா, அந்தக் கரண்ட் போஸ்டடியில நில்லுங்க.
பிள்ளைகள் எல்லாம் ராவையில
அங்கதான் நிக்கிற."

போய் நின்றேன்.
கம்பத்தைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்குப்
புல் இல்லை.